முட்டியைத் தாங்குவது தொடை

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்தளத்து உட்சுற்றில் சிவபெருமான் கரணம் கரணமாக ஆடுகிறார். நாட்டிய சாத்திரம் சொல்லும் 108 கரணங்கள் எனும் ஆடல் நிலைகளில் 81 அங்கே கல்லில் உருப்பெற்றிருக்கின்றன. மீதி 27-க்கு ஒதுக்கிய கற்கள் வெறுமையாகவே நின்றுவிட்டன. 1010-ஆம் ஆண்டையொட்டி முடிந்த கோயில் அது. கரணங்களைக் கை முத்திரைக்காகப் பார்ப்பவர்கள் உண்டு. முகத்துக்காகப் பார்ப்பவர்களும் உண்டு. ஆனால் ஒரு கரணத்தை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய இடுப்புக்குக் கீழே பார்க்க வேண்டும். தொடை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, முட்டி எவ்வளவு மடங்கியிருக்கிறது, உடம்பின் கனம் எந்தக் காலில் இறங்கியிருக்கிறது என்பதில்தான் பாதிச் செய்தி இருக்கிறது.

கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் இன்றும் படிமம் வார்க்கும் ஸ்தபதிகள், மெழுகில் உரு பிடிப்பதற்கு முன் தென்னை ஓலைக் கீற்று ஒன்றை நறுக்கி மடித்துக்கொள்வார்கள். அந்த மடிப்புகள்தான் அளவுகோல். பெரிய தெய்வங்களுக்கான உத்தம தசதாளக் கணக்கில் உச்சி முதல் உள்ளங்கால் வரை 124 அங்குலப் பகுப்பு. அதில் தொடைக்கு 27, முட்டிக்கு 4, கணைக்காலுக்கு 27, பாதத்துக்கு 4. கூட்டினால் 62, மொத்தத்தில் சரிபாதி. தொடையையும் முட்டியையும் சேர்த்தால் 31, அதாவது நாலில் ஒரு பங்கு. இன்றைய உடற்கூறு நூல்களும் தொடை எலும்பின் நீளம் ஒருவரது உயரத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு என்றுதான் சொல்கின்றன. ஒற்றைத் தொடை எலும்பை வைத்து இறந்தவரின் உயரத்தைத் தடயவியல் மருத்துவர்கள் கணிப்பதும் இந்த உறவை நம்பித்தான்.

சிற்பிக்குத் தொடையும் முட்டியும் ஒரே கணக்கின் அடுத்தடுத்த எண்கள். மருத்துவமனை வரிசையில் நிற்பவருக்கோ முட்டி மட்டும்தான் கண்ணில் படுகிறது. முட்டி வலி, முட்டித் தேய்மானம், முட்டி மாற்று அறுவை என்றே பேச்சு. முட்டிக்கென்று சொந்தமாக வலு கிடையாது. அதை நீட்டுவதும், மடக்குவதில் பெரும்பங்கும், பக்கவாட்டில் சாயாமல் பிடிப்பதும் தொடையிலிருந்து இறங்கிவரும் தசைகளின் வேலை. அந்தத் தசைகள் தளர்ந்தால் சுமை மூட்டின் மேல் விழுகிறது. காவிரிப் பாசனத்து வயல்களில் வாழ்நாள் முழுதும் உழைத்த பெண்களின் கால்களை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் எலும்பு. தொடையில் இருப்பது ஒரே எலும்பு. உடம்பிலேயே நீளமானதும் உறுதியானதும் அதுதான். மேல்முனையில் உருண்டைத் தலை, இடுப்பு எலும்பின் குழியில் ஆழப் பதிந்திருக்கிறது. தலைக்குக் கீழே ஒரு குறுகிய கழுத்து, சுமார் 125 பாகைச் சாய்வில் தண்டோடு சேர்கிறது. வயதான பாட்டி வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்துவிட்டது என்று வீட்டார் சொல்லும்போது பல நேரம் முறிந்திருப்பது இந்தக் கழுத்துதான். தலைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் கழுத்தை ஒட்டியே ஏறுவதால், முறிவில் அவையும் அறுபட்டுத் தலை செத்துப்போகும் அபாயம் உண்டு. அதனால்தான் அங்கே பல நேரம் எலும்பைப் பொருத்திக் காத்திருக்காமல் செயற்கைத் தலையே வைத்துவிடுகிறார்கள்.

தண்டு நேராக இறங்குவதில்லை. இடுப்பிலிருந்து உள்நோக்கிச் சாய்ந்து வந்து முட்டியில் சேர்கிறது. நடக்கும்போது பாதம் உடம்பின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் விழ இந்தச் சாய்வு உதவுகிறது. சராசரியாகப் பெண்களுக்குச் சாய்வு சற்றுக் கூடுதல். தண்டின் பின்புறம் நெடுக ஒரு முரட்டு வரம்பு ஓடுகிறது. தசைகள் பற்றியிருக்கும் தழும்பு அது. நன்றாக உழைத்த உடம்பில் அது புடைத்திருக்கும்.

எலும்பு உழைப்பைப் பதிவு செய்துகொள்கிறது என்பது வெறும் ஊகமில்லை. லாகூரில் உடற்கூறு பேராசிரியராக இருந்த ஹேவ்லாக் சார்ல்ஸ், பஞ்சாப் மக்களின் கால் எலும்புகளை ஆராய்ந்து 1893-இல் ஒரு கட்டுரை எழுதினார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து பழகியவர்களின் இடுப்பு, முட்டி, கணுக்கால் மூட்டுகளில் ஐரோப்பிய எலும்புகளில் அரிதாகவே தெரியும் கூடுதல் பரப்புகள் இருப்பதை அவர் காட்டினார். 1959-இல் உடற்கூறு அறிஞர் இந்தர்பீர் சிங் இந்தியர்களின் கணுக்கால் எலும்புகளை எடுத்து அதே கேள்வியை விரிவாக ஆராய்ந்தார். தரையில் உட்கார்ந்து வாழ்ந்த ஒரு சமூகத்தின் பழக்கம் அதன் எலும்பில் படிந்து கிடக்கிறது.

அதே 1959-இல்தான் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி தொடங்கியது. ஆனால் தஞ்சைக்கும் உடற்கூறுக்கும் உள்ள உறவு அதைவிடப் பழையது. 1798 முதல் 1832 வரை அரசாண்ட இரண்டாம் சரபோஜி, கண் நோயாளிகளின் நிலையைப் படத்தோடு எழுதிவைத்த ஏடுகள் சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. தன்வந்திரி மகால் என்ற மருத்துவ ஆய்வுக்கூடத்தையும் அவர் நடத்தினார். மனித எலும்பைத் தொடுவது தீட்டு என்று கருதப்பட்ட அரண்மனையில் உடற்கூறு கற்பதற்காகத் தந்தத்தில் செய்த எலும்புக்கூட்டை நாடியவர் அவர். கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர், 1847-இல் வந்திறங்கி, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூறைத் தமிழில் முழு நூலாகத் தந்த அவரது ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872-இல் வெளியானது. எலும்பு, தசை, நரம்பு ஒவ்வொன்றையும் தமிழில் சொல்ல முடியும் என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே காட்டியாகிவிட்டது. அந்த வேலை பின்னாளில் வேகம் இழந்தது தமிழுக்குப் பெரிய இழப்பு. தன் காலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே பலர் அறுவை மேசைக்குப் போகிறார்கள்.

முட்டிக்குள் மூன்று எலும்புகள் சந்திக்கின்றன: மேலே தொடை எலும்பின் இரண்டு குமிழ்கள், கீழே கணைக்காலின் பெரிய எலும்பின் தட்டையான மேல்தளம், முன்னால் முட்டிச் சில்லு. கணைக்காலில் வெளிப்புறம் இருக்கும் மெல்லிய சிம்பெலும்பு இந்த மூட்டில் சேர்வதில்லை. உருண்டைக் குமிழ்கள் தட்டைத் தளத்தின் மேல் நிற்பதால், எலும்பின் வடிவத்தால் இந்த மூட்டுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு மிகக் குறைவு. இடுப்பு மூட்டு குழிக்குள் பத்திரமாக இருக்கிறது. முட்டியைக் கட்டிவைத்திருப்பது தசைகளும் தசைநார்களும்தான்.

ஊரில் ஜவ்வு என்று ஒரே சொல்லால் சொல்லப்படுபவை இங்கே மூன்று. எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு ஒன்று. இரண்டு எலும்புக்கும் நடுவே பிறை வடிவில் கிடந்து சுமையைப் பரப்பிவிடும் மெனிஸ்கஸ் இன்னொன்று. எலும்போடு எலும்பைக் கட்டும் தசைநார்கள் மூன்றாவது. மூட்டின் நடுவில் குறுக்காக ஓடும் இரண்டும், இரு பக்கமும் ஒவ்வொன்றும் இவற்றில் முக்கியமானவை. கபடி ஆட்டத்தில் திடீரென்று திரும்பும்போது அறுபடுவது நடுவில் ஓடும் முன் நார், அதாவது ஏ.சி.எல். வயதாகித் தேய்வது குருத்தெலும்பு. மெனிஸ்கஸில் வெளி ஓரத்துக்கு மட்டும் ரத்த ஓட்டம் உண்டு. அந்த ஓரத்துக் கிழிசல் தைத்தால் சேரும், உள்பக்கத்துக் கிழிசல் சேர்வது கடினம். குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. மூட்டு அசையும்போது உள்ளே வெளியே ஊடாடும் நீர்தான் அதற்கு உணவு. முட்டி வலிக்கிறதென்று காலை அசைக்காமலே வைத்திருப்பவர், அந்தக் குருத்தெலும்பைப் பட்டினி போடுகிறார்.

முட்டிச் சில்லு ஒரு தசையின் நாருக்குள்ளேயே வளர்ந்த எலும்பு. பிறந்த குழந்தைக்கு அது வெறும் குருத்தெலும்பாக இருக்கும். மூன்று வயதிலிருந்து ஆறு வயதுக்குள் எலும்பாக மாறத் தொடங்கும். கிணற்றுக் கயிற்றுக்குக் கப்பி செய்யும் வேலையை அது செய்கிறது. தொடையின் முன்தசை இழுக்கும் நாரை மூட்டிலிருந்து சற்று முன்தள்ளிப் பிடிப்பதால், அதே இழுப்புக்குக் கூடுதல் பலன் கிடைக்கிறது. அதற்கு விலையும் உண்டு. முட்டி மடங்க மடங்கச் சில்லு தொடை எலும்பின் மேல் அழுந்துகிறது. ஆழமாகக் குந்தும்போது அந்த அழுத்தம் உடம்பு எடையின் பல மடங்கு. உடம்பிலேயே தடித்த குருத்தெலும்பு சில்லின் பின்புறம் அமைந்திருப்பதற்குக் காரணம் அதுதான்.

அந்த நாரை இழுக்கும் முன்தொடைத் தசை நான்கு பிரிவுகளால் ஆனது. ஒன்று இடுப்பு எலும்பிலிருந்தே புறப்பட்டு இரண்டு மூட்டுகளைத் தாண்டுகிறது. மற்ற மூன்றும் தொடை எலும்பிலேயே பிறக்கின்றன. நான்கும் சில்லில் கூடி, அதற்குக் கீழே கணைக்கால் எலும்பின் முன்மேட்டில் முடிகின்றன. பின்தொடையில் மூன்று நீளத் தசைகள். உட்காரும்போது தரையில் அழுந்தும் எலும்பு மேட்டிலிருந்து அவை இறங்கி முட்டியின் இரு பக்கமும் பற்றுகின்றன. முழங்காலுக்குப் பின்னால் கை வைத்து மடக்கினால் இரண்டு கயிறுகளாகத் தட்டுப்படுவது இவற்றின் நார்கள்தான். உள்தொடையில் இன்னொரு கூட்டம், தொடைகளை ஒன்றோடொன்று சேர்ப்பது அதன் வேலை. இடுப்பின் முன்முனையிலிருந்து குறுக்காகச் சரிந்து முட்டியின் உள்பக்கம் சேரும் நீண்ட பட்டைத் தசை ஒன்றும் உண்டு. உடம்பிலேயே நீளமான தசை. தொடையைத் தூக்கி, வெளிப்புறம் திருப்பி, முட்டியை மடக்கும் அதன் மூன்று வேலைகளையும் சேர்த்தால் சம்மணம் கிடைக்கிறது. பந்தியில் இலை முன் உட்காருபவர்கள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இவை எல்லாம் ஒன்றாக உழைப்பதைப் பார்க்க நடவு வயலுக்குப் போக வேண்டும். மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. தண்ணீர் கடைமடை வந்து சேர்ந்து, சேறு கலக்கி, நாற்றங்காலில் பறித்துக் கட்டிய முடிகள் வயலில் வீசப்பட்டதும், பெண்கள் வரிசையாக இறங்குவார்கள். இடது கையில் நாற்று, வலது கை சேற்றில். முதுகு கிட்டத்தட்ட தரைக்கு இணையாகக் கவிழ்ந்திருக்கிறது. அவர்கள் பின்னோக்கி நகர்கிறார்கள்.

அந்த நிலையில் உடம்பு முன்னால் விழாமல் பிடித்திருப்பது முதுகுத் தசை மட்டும் இல்லை. பிட்டத்தின் பெருந்தசையும் பின்தொடைத் தசைகளும் இடுப்பைப் பின்னாலிருந்து இழுத்து நிறுத்துகின்றன. முட்டி சற்றே மடங்கியிருப்பதால் முன்தொடையும் ஓய்வில்லாமல் இறுகி நிற்கிறது. நிமிர்ந்து நிற்பவருக்கு இந்தச் சிரமம் இல்லை. முட்டி முழுதாக நீளும் கடைசிக் கட்டத்தில் ஊன்றிய காலின் தொடை எலும்பு லேசாக உட்புறம் திரும்பி மூட்டு பூட்டிக்கொள்கிறது. அப்போது முன்தொடை கிட்டத்தட்ட ஓய்வெடுக்கலாம். மறுபடி மடங்க வேண்டுமென்றால் முட்டிக்குப் பின்னே ஒளிந்திருக்கும் ஒரு சின்னத் தசை அந்தப் பூட்டைத் திறந்துவிடுகிறது. நடவு நடும் பெண்ணுக்கு அந்த இளைப்பாறல் நிமிரும்போது மட்டும்தான்.

அடுத்த அடி வைக்கச் சேற்றிலிருந்து காலை உருவ வேண்டும். இடுப்பின் உள்ளாழத்துத் தசை தொடையைத் தூக்குகிறது, பின்தொடை முட்டியை மடக்குகிறது, சேறு பாதத்தைக் கீழே இழுக்கிறது. அந்த நொடியில் முழுக் கனமும் மற்றக் காலில். இடுப்பின் பக்கவாட்டுத் தசை பிடிக்காவிட்டால் உடம்பு சாய்ந்துவிடும். பின்பு பாதத்தைக் கண்ணால் பார்க்காமலேயே பின்னால் ஊன்ற வேண்டும். மூட்டுகளிலும் தசைகளிலும் இருக்கும் உணர் நரம்புகள்தான் சேற்றின் ஆழத்தைச் சொல்கின்றன. ஒரு நாள் நடவில் இது ஓயாமல் நடக்கிறது. அறுப்புக் காலத்தில் இன்னொரு சோதனை: தலையில் சும்மாடு வைத்து நெற்கட்டோடு ஒற்றையடி அகல வரப்பில் நடப்பது. அங்கே உள்தொடைத் தசைகளும் இடுப்பின் பக்கத் தசைகளும் மாறிமாறிப் பிடிக்கின்றன. இவ்வளவு நுணுக்கமான உழைப்பைத் திறமை வேண்டாத வேலை என்று கூலிக் கணக்கில் எழுதுவது அநியாயம்.

இவ்வளவு உழைத்த தொடை இருந்தும் முட்டி ஏன் தேய வேண்டும் என்ற கேள்வி எழும். பதிலில் பல இழைகள் உண்டு. வயதும் எடையும் மாதவிடாய் நின்ற பிறகான மாற்றங்களும் பரம்பரையும் சேர்கின்றன. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 2019-இல் மூட்டுத் தேய்மானத்தோடு வாழ்ந்தவர்கள் உலகெங்கும் சுமார் 52.8 கோடிப் பேர். அவர்களில் 60 விழுக்காடு பெண்கள். முட்டித் தேய்மானம் மட்டும் 36.5 கோடி. வேலையின் தன்மையும் காரணம். பெய்ஜிங் நகர முதியவர்களை அமெரிக்காவின் பிரேமிங்காம் நகரத்தவரோடு ஒப்பிட்ட ஆய்வு, சீன மூதாட்டிகளுக்கு முட்டித் தேய்மானம் அதிகம் என்று 2001-இல் சொன்னது. இளவயதில் நீண்ட நேரம் குந்தி உட்கார்ந்தவர்களுக்கு அபாயம் கூடுவதாகவும் அதே ஆய்வின் தொடர்ச்சி காட்டியது. நாற்றுப் பறியும் களையெடுப்பும் பாத்திரம் துலக்குவதும் அடுப்பு ஊதுவதும் அப்படிப்பட்ட வேலைகள். இதை வைத்துக் குந்துவதே கெடுதல் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. முட்டியின் முழு வீச்சையும் வயதான பிறகும் தக்கவைத்திருப்பது ஒரு செல்வம். ஓய்வின்றி, சுமையோடு, மணிக்கணக்கில் குந்துவதுதான் பிரச்சினை.

நாட்டியத்திலும் ஒரு பாடம் இருக்கிறது. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வர் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வகுத்த வரிசையில்தான் இன்றும் பரதம் அரங்கேறுகிறது. அதன் அடிப்படை அரைமண்டி, அதாவது தொடைகளை வெளிப்புறம் திருப்பி முட்டியை மடக்கிப் பாதி தாழ்ந்து நிற்கும் நிலை. அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். பிட்டத்துக்கு அடியில் இருக்கும் ஆறு குட்டைத் தசைகள் தொடையை வெளிப்புறம் சுழற்றுகின்றன. இடுப்பு போதுமான அளவு திரும்பாத பிள்ளையைப் பாதத்தை மட்டும் விரிக்கச் சொன்னால் முறுக்கல் முழுதும் முட்டியில் விழும். முட்டி மடங்கவும் நீளவும் ஏற்பட்டது. சுழற்சிக்கு அதில் கொஞ்சம்தான் இடம். முட்டியும் பாதத்தின் விரலும் ஒரே திசை பார்க்க வேண்டும் என்று அடிக்கடி சொல்லும் ஆசிரியர் மாணவியின் பின்னாள் முட்டியைக் காப்பாற்றுகிறார்.

தேய்மானம் தொடங்கியதும் ஒரு வட்டம் உருவாகிறது. மூட்டில் நீர் கோத்தால், முன்தொடைத் தசைக்குப் போகும் நரம்புக் கட்டளையை உடம்பே தணித்துவிடுகிறது. முட்டிக்குச் சற்று மேலே உள்பக்கம் திரண்டிருக்கும் தசை வற்றுவது பலருக்கும் கண்ணாலேயே தெரியும். தசை வற்றியதும் காலடி விழும் அதிர்வை வாங்க ஆளில்லை. வலி கூடுகிறது, நடை குறைகிறது, தசை இன்னும் வற்றுகிறது. உட்பக்கக் குருத்தெலும்பு அதிகம் தேய்ந்து கால் வெளிப்புறம் வளைந்துவிட்ட மூதாட்டிகள் காவிரி டெல்டாவின் எந்தப் பேருந்து நிறுத்தத்திலும் இருக்கிறார்கள்.

முற்றிய தேய்மானத்துக்கு மாற்று மூட்டு உண்மையான விடுதலை. நியூயார்க்கில் 1970-களில் உருவான நவீன மாற்று முட்டி வடிவமைப்பில் இந்தியாவில் பிறந்த சித்தரஞ்சன் ராணாவத்துக்கும் பங்கு உண்டு. 2017 ஆகஸ்டில் மைய அரசு மாற்று முட்டிகளுக்கு உச்ச விலை வைத்தது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு 54,720 ரூபாய். தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டத்திலும் இந்த அறுவைக்கு இடம் உண்டு. ஆனால் வழக்கமான மாற்று முட்டி சுமார் 110 முதல் 120 பாகை வரைதான் வசதியாக மடங்கும். முழுதாகக் குந்த அதைவிட வெகுவாக அதிகம் வேண்டும். நாற்காலியில் உட்காருபவருக்கு இது குறையில்லை. தரையில் உட்கார்ந்து சமைத்து, தரையில் படுத்து, வயலில் குந்தும் பெண்ணுக்கு வாழ்க்கை முறையே மாற வேண்டியிருக்கும். அறுவைக்கு முன்பே யாராவது அவருக்கு இதைத் தமிழில் உட்கார்ந்து விளக்க வேண்டும்.

வயலும் மாறிவருகிறது. அறுப்பு பெரும்பாலும் இயந்திரத்துக்குப் போய்விட்டது. நடவு இயந்திரமும் நேரடி விதைப்பும் பரவுகின்றன. செம்மை நெல் சாகுபடியில் வரிசை நடவு வந்ததால் கோனோ வீடர் என்ற களைக்கருவியைத் தள்ளிக்கொண்டு நின்றபடியே களையெடுக்க முடிகிறது. முட்டிக்கு இது நல்ல செய்தி. பெண்களின் கூலி நாட்கள் குறைந்ததும் உண்மை. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு உழைப்பு சட்டென்று நிற்கும்போது தொடைத் தசையும் சேர்ந்து கரைகிறது.

அதைத் தடுக்கும் வழி செலவில்லாதது. உடல் எடை 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டியின் மேல் ஏறத்தாழ 4 கிலோ சுமை குறைகிறது என்று ஆய்வுகள் அளந்திருக்கின்றன. முட்டித் தேய்மானத்துக்கான மருத்துவ வழிகாட்டுதல்கள் தசைப் பயிற்சியை முதல் வரிசையில் வைக்கின்றன. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டு வாசலுக்கு வருகிறது. முட்டி வலியுள்ள ஒவ்வொரு வயல் தொழிலாளியும் அதைக் கேட்டு வாங்க வேண்டும். சொல்லித் தரப்படும் முதல் பயிற்சி பெரும்பாலும் எளிமையானது. திண்ணையில் முதுகு சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். முட்டிச் சில்லு மேல்நோக்கி நகர்வது விரலுக்குத் தெரியும், உள்பக்கத் தசை இறுகுவதும் தெரியும். பத்து எண்ணும் வரை பிடித்துவிட்டுத் தளர்த்தி, இரண்டு காலிலும் பத்துப் பத்து முறை, காலையும் மாலையும் செய்யலாம். சில வாரங்களில் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடிகிறதா என்று பார்த்தால் தொடை தேறியதா என்பது தெரிந்துவிடும்.